துள்ளும் எழுத்தும் துயரச் செய்தியும்

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு வடிவங்கள் உண்டு என்பது இளங்கலை முதலாண்டிலேயே நாம் கற்கும் பாடமாகும். ஒலிவடிவம் பற்றி நம் இலக்கண ஆசிரியர்கள் விரித்துரைத்தவை ஏராளம். எழுத்துப் பிறக்கும் இடம், பிறப்பதற்கு வேண்டும் முயற்சி, ஒலித்து நிற்கும் மாத்திரை என ஒவ்வொன்றையும் நுணுகி ஆராய்ந்து வைத்துள்ளனர். வரிவடிவம் குறித்து அத்துணை விரிவாகப் பேசவேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தில் ஒருவருடைய எழுத்தின் தோற்றம் அவர் கைப்பழக்கத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. இந்தச் செய்திக்கு இந்தத் தோற்றம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எழுதுவோர்க்குப் பெரிதும் இல்லை.

இன்றைய நிலை வேறு. கணிப்பொறியின் முன் அமரும் மாணவர் ஒருவர்க்கு எண்ணிறந்த எழுத்துருக்கள் வரிசைகட்டி நின்று, “என்னை எடுத்துக்கொள், என்னை எடுத்துக்கொள்” என அழைக்கின்றன. முற்காலத்தில் அச்சுக்கோப்பவரும் ஓவியரும் மட்டுமே செய்துவந்த தேர்வை இன்று எல்லாரும் செய்கின்றோம். ஆயின், அத்தேர்வைச் செய்வது எவ்வாறு என்று நாம் யாருக்கும் கற்பித்தோமில்லை. கற்பிக்காத பாடத்தில் ஒரு மாணவரைத் தவறியவர் என்று நானே ஒருமுறை தீர்ப்பளித்துவிட்டேன். அந்நிகழ்ச்சியைச் சொல்லி, அதன்வழி என் கருத்தை உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவிப்புப் பலகையில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், நூலகத்தில் நெடுங்காலம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இறையழைப்பை ஏற்றார். மாணவர் எல்லாரும் அவரை ‘நூலகத்துப் பாய்’ என்றே அழைப்பர். எந்நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை அட்டைப்பெட்டியைப் பாராமலே சொல்லும் நினைவாற்றல் அவருக்கு உண்டு. எங்கள் துறையின் சார்பில் இரங்கல் கூட்டம் நடத்த முடிவு செய்தோம். அறிவிப்பை ஆயத்தம் செய்யும் பணியை மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தேன்.

மறுநாள் காலை வகுப்பிற்குச் சென்றுகொண்டிருந்தேன். முதலாண்டு மாணவர் இருவர் வழிமறித்து, “ஐயா, கலைவிழா என்றைக்கு? நாங்களும் பெயர் கொடுக்கலாமா?” என்று ஆவலுடன் வினவினர். கலைவிழா எதுவும் இல்லையே என்றேன். அவர்கள் தொலைவிலிருந்த அறிவிப்புப் பலகையைச் சுட்டிக்காட்டினர். அருகே சென்று பார்த்தேன். கீழே தமிழில் செய்தி முறையாகத்தான் இருந்தது. மேலே இரங்கல் கூட்டம் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களும், மறைந்த பெரியவர் பெயரும் கன்னங்கரேலெனப் பருத்து, மூலைமுனை எல்லாம் உருண்டு, காற்று நிரப்பிய பலூன்களைப் போலத் துள்ளிக்கொண்டு நின்றன. சொல்லைப் படிக்காமல் தோற்றத்தை மட்டும் கண்ட எவரும் அதனை விழா அறிவிப்பென்றே கொண்டிருப்பர்.

எனக்குச் சினம் பொங்கியது. அத்தாளைக் கிழித்தெடுத்தேன். அம்மாணவரை நடைக்கூடத்திற்கு வரவழைத்து, நண்பர்கள் பலர் பார்த்திருக்க, “இறந்தவரைக் கேலி செய்கிறாயா?” என்று கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறாது தலைகுனிந்து நின்றார்.

மாலையில் அவர் துறைக்கு வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஐயா, பாயோடு பழகிய பெரியவர்கள் பலருக்கும் பார்வை மங்கல். அவர்களுக்கும் தெரியவேண்டும் என்றுதான் இருப்பதிலேயே பருத்த எழுத்தாகத் தேடிப் போட்டேன். நேற்று நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது பாயின் அண்ணன் வந்தார். சிங்கப்பூரில் பல ஆண்டு கடைக்கணக்கு எழுதியவர்; ஆங்கிலம் படிப்பார். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. பலகையில் இருந்த வேறு எதையும் அவரால் படிக்க முடியவில்லை. தம்பி பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.”

நான் காலையில் கிழித்தெறிந்தது அந்தத் தாளைத்தான்.

அம்மாணவர் பயன்படுத்திய எழுத்தின் பெயர் ‘கூப்பர் பிளாக்’. எங்கள் துறைக் கணிப்பொறியில் உள்ள மைக்ரோசாஃப்ட் அலுவலக மென்பொருளுடன் வந்து சேர்ந்த எழுத்துருக்களுள் அதுவும் ஒன்று. அன்று தொடங்கி அவ்வெழுத்தின் வரலாற்றை அறிந்துகொள்ள முற்பட்டேன். அறிய அறிய, எங்கள் இருவர் வாதத்திற்கும் அவ்வரலாற்றிலேயே விடை இருக்கக் கண்டேன்.

சிகாகோவில் பிறந்த எழுத்து

ஆஸ்வால்டு புரூஸ் கூப்பர் 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, கான்சஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். இளமையில் அச்சகத்தில் எடுபிடி வேலை பார்த்தார். பின்னர்ப் படம் வரையக் கற்கும் விருப்பத்துடன் சிகாகோ நகரில் ஃபிராங்க் ஹோம் என்பவர் நடத்திய பள்ளியைச் சார்ந்தார். ஆங்கு எழுத்து வரைதலைக் கற்பித்தவர், பிற்காலத்தில் அச்செழுத்துக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்ற ஃபிரெடரிக் கௌடி. படம் வரைவதினும் எழுத்து வரைவதே தமக்கு இயல்பான துறை என்பதைக் கூப்பர் அவரிடம் பயின்றபோது உணர்ந்தார். 1904ஆம் ஆண்டு ஃபிரெட் பெர்ட்ச் என்பவருடன் கூடித் தம் பெயராலும் அவர் பெயராலும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வணிக விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து கொடுப்பது அவர்தம் தொழிலாயிற்று.

அந்நகரில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்னும் அச்செழுத்து வார்ப்பு நிறுவனம் இருந்தது. கூப்பரின் கையெழுத்தழகைக் கண்ட அந்நிறுவனம், அதனை ஈயத்தில் வார்க்க விரும்பிற்று. முதலில், நூலுக்கும் விளம்பரத்துக்கும் பொருந்தும் மென்மையான எழுத்து ஒன்று வெளிவந்தது. அதன் உடன்பிறப்பாக, 1922ஆம் ஆண்டில், அதே உருட்சியை மிகப் பருமனாக்கிப் படைத்ததே கூப்பர் பிளாக். விற்பனை பெருகிற்று. விளம்பரத் தொழில் ஓங்கி வளர்ந்த காலம் அது. கடைகளும் செய்தித்தாள்களும் அவ்வெழுத்தை விரும்பி ஏற்றன.

தொலைநோக்குடைய அச்சாளர்க்கும் கிட்டப்பார்வையுடைய அவர்தம் வாடிக்கையாளர்க்கும் உரிய எழுத்து இது எனக் கூப்பரே வேடிக்கையாகக் கூறியதாகச் சொல்வர். எங்கள் மாணவர் அதனைத் தேர்ந்த காரணமும் இதுவேயன்றோ! படைத்தவர் எண்ணியதை, அவர் பெயரைக்கூட அறியாத ஒருவர், நூறாண்டு கழித்து நம் ஊரில் தாமாகவே உணர்ந்திருக்கிறார்.

பழமையைப் பேணும் அச்சுக்கலைஞர் சிலர் இவ்வெழுத்தை வெறுத்தனர். பக்கத்தையே கறையாக்குகிறது என்றும், நயமற்றது என்றும் பழித்தனர். ஆயினும் வணிக உலகம் அவர்கள் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை. போட்டி நிறுவனங்களும் இதனைப் போன்ற பருத்த எழுத்துகளை வெளியிட முந்தின. மோனோடைப் நிறுவனம் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட அத்தகைய எழுத்தை வரைந்து கொடுத்தவர் வேறு யாருமல்லர். கூப்பரின் ஆசிரியராகிய கௌடியே ஆவார். மாணாக்கர் சென்ற வழியில் ஆசிரியரும் செல்ல நேர்ந்த அந்நிகழ்ச்சி, ஆசிரியப் பணியிலிருக்கும் எம்போன்றோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. கூப்பர் 1940ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எழுத்தோ இன்றும் வாழ்கின்றது.

உருட்சியின் பயன்

இவ்வெழுத்தின் அமைப்பைச் சற்று உற்றுநோக்குதல் நலம். ஆங்கில அச்செழுத்துகள் பலவற்றில் நெடுங்கோட்டின் தலையிலும் அடியிலும் சிறு குறுங்கோடுகள் கூர்மையாக நீண்டிருக்கும். கூப்பர் பிளாக்கிலும் அவை உண்டு; எனினும் அவற்றின் முனைகள் மழுங்கி, மெழுகு உருகி வழிந்தாற்போல உருண்டுள்ளன. எழுத்தின் அடிப்பகுதி நேர்கோட்டில் அமையாது சற்றே வளைந்து நிற்கும். ‘ஓ’ என்னும் எழுத்தின் உள்ளே உள்ள வெற்றிடம் நேராக நில்லாது ஒருபுறம் சாய்ந்திருக்கும். எழுத்தின் உடல் பெரிது. கீழே தொங்கும் வால் குறுகியது. உள்வெளிகளோ மிகச் சிறியவை. சாய்ந்த கண்ணும் பருத்த உடலும் குறுகிய காலும் கொண்ட குழந்தை ஒன்று தளர்நடையிட்டு வருவது போன்ற தோற்றம் இதனால் உண்டாகின்றது. மழலையைக் கண்டவர் முகம் மலர்வதுபோல் இவ்வெழுத்தைக் கண்டவர் முகமும் மலர்கின்றது.

அழகு ஒருபுறமிருக்க, தொழிலிலும் இவ்வுருட்சிக்குப் பயன் இருந்தது. ஈயம், அந்திமனி, வெள்ளீயம் கலந்து வார்க்கப்பட்ட எழுத்துகளில் மெல்லிய கோடுகளும் கூரிய முனைகளும் எளிதில் தேயும், அழுத்தத்தில் உடையும். மட்டமான தாளில் மை பரவும்போது கூரிய முனைகளே முதலில் சிதைந்து தோன்றும். எல்லா முனைகளும் முன்பே உருண்டிருக்கும் எழுத்தில் அத்தேய்வும் சிதைவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வரிசையில் ஓர் எழுத்துச் சற்று ஏறியோ இறங்கியோ நின்றாலும், அடிப்பகுதி வளைந்திருப்பதால் பிழை பெரிதாகத் தெரிவதில்லை. அச்சாளரின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் எழுத்து எனலாம்.

அப்பொறுமையே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது. ஈய எழுத்தின் காலம் முடிந்து, ஒளிப்பட முறையில் எழுத்துக் கோக்கும் காலம் வந்தது. 1960களில் லெட்ராசெட் போன்ற தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களும் பரவின. எழுத்துகளை நெருக்கி, ஒன்றையொன்று தொடுமாறு அமைக்க அம்முறைகள் இடங்கொடுத்தன. நெருக்கி அமைக்குந்தோறும் கூப்பர் பிளாக்கின் உருட்சி மேலும் பொலிவு பெற்றது. 1966ஆம் ஆண்டில் பீச் பாய்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழு வெளியிட்ட ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டின் உறையில், ஆடுகளுக்கு இரையூட்டும் இளைஞர்களின் படத்திற்கு மேலே இவ்வெழுத்தே இடம்பெற்றது. 1970களில் பனியன்களின்மேல் சூடேற்றிப் பதிக்கும் எழுத்தாக இளைஞர் மார்பில் திகழ்ந்தது. 1995ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய ஈஸிஜெட் என்னும் குறைந்த கட்டண வானூர்தி நிறுவனம், இதனையே தன் பெயரெழுத்தாக ஏற்று, ஆரஞ்சு வண்ணத்துடன் இணைத்துக்கொண்டது. வானூர்திப் பயணம் என்றாலே அஞ்சி ஒதுங்கிய எளியவரை, “இது உனக்கும் உரியதுதான், அஞ்சாமல் ஏறு” என அழைப்பதற்கு இதனினும் ஏற்ற எழுத்து வேறு கிடைப்பதரிது.

இப்பயன்கள் அனைத்தையும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அழைத்தல், மகிழ்வித்தல், அச்சம் நீக்கல் ஆகிய மூன்றுமே இவ்வெழுத்தின் தொழில். அஃது உரத்துப் பேசும், ஆயினும் அதட்டாது.

வரிவடிவத்தின் ஓசை

நம் யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு இதனை உணர்தல் எளிது. வெண்பாவிற்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவிற்கு அகவலோசை, கலிப்பாவிற்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவிற்குத் தூங்கலோசை என வகுத்துரைத்தனர் முன்னோர். சொற்களின் பொருள் செவிக்கு எட்டுமுன்னரே ஓசை நம் உள்ளத்தை ஆயத்தம் செய்துவிடுகின்றது. வரிவடிவத்திற்கும் அத்தகைய ஓசை ஒன்று உண்டு என்பது என் துணிபு. கண்ணால் கேட்கும் ஓசை அது. கூப்பர் பிளாக் துள்ளலோசை உடையது. கையறுநிலை பாடவேண்டிய இடத்தில் துள்ளலோசை ஒலித்தால் கேட்போர் திகைப்பர். அம்முதலாண்டு மாணவர் இருவரும் திகைக்கக்கூட இல்லை. விழா என்றே நம்பிவிட்டனர். ஓசை சொல்லை வென்றுவிட்டது.

எழுத்துக்கலையில் தேர்ந்த பிற மரபினரும் இதனை அறிந்திருந்தனர். அரபு எழுத்துக்கலையில் நூல் எழுதத் தெளிவான நஸ்க் வடிவும், தலைப்புகளுக்கும் கட்டடங்களின் எழுத்து அணிகளுக்கும் உயர்ந்து வளைந்த ஸுலுஸ் வடிவும், அன்றாடக் கைக்குறிப்பிற்கு விரைந்து எழுதும் ருக்ஆ வடிவும் வழங்கிவந்தன. மொழி ஒன்றே, எழுத்துகளும் அவையே. இடத்திற்கேற்ப வடிவம் மட்டும் மாறிற்று.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2012ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், ஹிக்ஸ் போசான் எனக் கருதத்தக்க புதிய துகள் கண்டறியப்பட்ட செய்தி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஆய்வுக்குழு ஒன்றின் சார்பில் அம்முடிவை விளக்கிய ஃபபியோலா ஜியனோட்டி, தம் விளக்கப் பக்கங்களைக் ‘காமிக் சான்ஸ்’ என்னும் எழுத்தில் அமைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்காக வின்சென்ட் கானேர் என்பவர் 1994ஆம் ஆண்டில், படக்கதை எழுத்துகளைப் பின்பற்றி வரைந்த விளையாட்டெழுத்து அது. அறிவியல் வரலாற்றின் பெருநிகழ்வுகளுள் ஒன்றைக் கேட்ட உலகில் ஒரு சாரார், துகளை விட்டுவிட்டு எழுத்தைப் பற்றி நகையாடிக்கொண்டிருந்தனர்.

அந்நகைப்பை நான் ஒப்புகின்றேன் அல்லேன். எழுத்து எதுவாயினும் கண்டுபிடிப்பு உண்மையே. அடுத்த ஆண்டிலேயே அக்கோட்பாட்டிற்கு நோபல் பரிசும் கிடைத்தது. எழுத்தைக் கண்டு நகைப்போர் தம் கல்வியைக் காட்டிக்கொள்கின்றனரேயன்றிப் பிறர்க்கு எதையும் கற்பிப்பதில்லை. எனினும் அந்நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாக்குகின்றது. பொருந்தா எழுத்து, பொருளின் முன்னே வந்து நின்று அதனை மறைத்துவிடுகின்றது. பெருஞ்செய்திக்கே அந்நிலை என்றால், கல்லூரிச் சுவரில் ஒட்டிய ஒரு தாளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு மறுப்பு

என் கருத்தை மறுப்போர் இருக்கலாம். “துள்ளும் எழுத்து மகிழ்ச்சிக்கு மட்டுமே உரியது என்பது சரியா? மேலே சொன்ன பீச் பாய்ஸ் இசைத்தட்டில் ஏக்கமும் தனிமையும் நிறைந்த பாடல்கள் பல உண்டே! அவற்றின் உறையை அதே எழுத்துத்தானே அணிசெய்தது?” என அவர்கள் வினவலாம். நல்ல வினாதான். மெல்லிய நகையின் அடியில் துயரத்தை வைத்துக் காட்டுதல் கலைஞனுக்கு உரிய உரிமை. கேட்பவன் அமர்ந்து, உறையைப் பார்த்து, பாடலைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு உணர அங்கே நேரம் உண்டு. அறிவிப்புப் பலகைக்கு அந்த நேரம் இல்லை. நடந்து செல்பவர் ஒரு கணமே அதனை நோக்குகின்றார். அக்கணத்தில் எழுத்தின் தோற்றமும் செய்தியும் ஒன்றையே சொல்லவேண்டும்.

தமிழெழுத்தும் பருமனும்

ஆங்கிலத்தின் பருத்த எழுத்துகளைக் கண்டு, தமிழெழுத்துகளையும் அவ்வாறே பருக்கச் செய்யும் வழக்கம் நம் சுவரொட்டிகளிலும் பதாகைகளிலும் பெருகியுள்ளது. இயல்பிலேயே வளைவும் சுழியும் மிக்கவை நம் எழுத்துகள். ஆகவே உருட்சி அவற்றிற்குப் புதிதன்று. ஆனால் பருமன் அவற்றிற்கு இடர் விளைக்கக்கூடியது. ‘ன’கரத்திற்கும் ‘ண’கரத்திற்கும் வேறுபாடு ஒரு சுழியே. கோடு பருக்கப் பருக்கச் சுழியின் உள்வெளி அடைபடுகின்றது; எட்ட நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியோ கீழுள்ள பருமனில் ஒட்டிக்கொண்டு மறைகின்றது. கூப்பர் தம் எழுத்தில் உள்வெளிகளைச் சிறிதாக்கினாரேயன்றி அடைத்துவிடவில்லை என்பதை நம் எழுத்து வரைவோர் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

கண்ணும் உள்ளமும்

இனி, அன்று கிழிக்கப்பட்ட தாளுக்கு வருவோம். அம்மாணவர் செய்தது சரியா, நான் செய்தது சரியா? இருவரும் பாதி சரி. இருவரும் பாதி பிழை என்பதே என் முடிவு.

எழுத்தில் பருமன் என்பது வேறு. சாயல் என்பது வேறு. பருமன் கண்ணுக்காக ஏற்பட்டது. சாயல் உள்ளத்திற்காக ஏற்பட்டது. முதியவர் ஒருவர் படிக்கவேண்டும் என்று பருமனை நாடிய மாணவர், அதனுடன் ஒட்டிவந்த துள்ளலைக் கவனித்தாரில்லை. துள்ளலைக் கண்டு வெகுண்ட நான், அதற்குள் இருந்த பரிவைக் கவனித்தேனில்லை. அவர் பிழை அறியாமையால் நேர்ந்தது; என் பிழை கேளாமையால் நேர்ந்தது. இரண்டனுள் பெரியது எது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மாணவர் ஒருவர் ஒன்றைச் செய்தால் ஏன் செய்தார் என வினவிய பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும் என்பது ஆசிரியர்க்கு அடிப்படை அறமன்றோ!

மறுநாள் நாங்கள் இருவரும் ஒருங்கே அமர்ந்து புதிய அறிவிப்பொன்றை ஆயத்தம் செய்தோம். பருமன் அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் நிமிர்ந்து, அமைதியாக, அணியேதுமின்றி நின்றது. பெயரைச் சுற்றி வெற்றிடம் நிரம்ப விட்டோம். பின்னர், எந்த நடைக்கூடத்தில் அவரைக் கடிந்துகொண்டேனோ அதே இடத்தில், அதே நண்பர்கள் முன்னிலையில், என் சினத்திற்காக வருத்தம் தெரிவித்தேன். கூட்டத்திற்கு வந்த பாயின் அண்ணன், பலகையின்முன் நின்று தம்பி பெயரை மீண்டும் ஒருமுறை படித்தார். எழுத்து மாறியிருந்ததை அவர் அறிந்தாரா என நான் கேட்கவில்லை.

செய்யத்தக்கன

மாணவச் செல்வங்களுக்கு மூன்று சொல்ல விழைகின்றேன். முதலாவது, எழுத்தைத் தேருமுன் செய்தியின் மெய்ப்பாடு யாது என எண்ணுங்கள். நகையா, அழுகையா, பெருமிதமா என்பதை அறிந்த பின்னரே வடிவத்தை நாடுங்கள். இரண்டாவது, கூப்பர் பிளாக் போன்ற பருத்த எழுத்துகளை இரண்டொரு சொற்கள் கொண்ட தலைப்பிற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பத்தி முழுவதையும் அதில் அமைத்தால் உள்வெளிகள் குறுகிப் படிப்பவர் கண் களைத்துவிடும். மூன்றாவது, ஒட்டிய தாளை அது படிக்கப்படும் தொலைவில் நின்று நீங்களே பாருங்கள். முதியவர் ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண்ணே உங்கள் தேர்வாளர்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதழியல் தாளில் செய்தி எழுதவும் தலைப்பு இடவும் கற்பிக்கின்றோம். அத்தலைப்பு எவ்வெழுத்தில் நிற்கவேண்டும் என்பதற்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்குவோம். விளையாட்டெழுத்துகளை வெறுத்து ஒதுக்கவும் கற்பிக்க வேண்டா. குழந்தைகள் நூலின் அட்டைக்கும், விளையாட்டு விழாவிற்கும், தேநீர்க்கடையின் பெயர்ப்பலகைக்கும் அவை தக்க அணிகலன்களே. கூப்பரின் எழுத்தைப் பழித்தோர் பெயர்களை இன்று நினைப்பார் இலர். அவ்வெழுத்தோ இன்றும் எளியோரை முகமலர்ச்சியுடன் அழைத்துக்கொண்டிருக்கின்றது.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒன்று. திருமண அழைப்பாயினும் இரங்கல் அறிவிப்பாயினும் உங்கள் கண்ணுக்கு எட்டும் எழுத்தில் வேண்டும் என்று தயங்காது கேளுங்கள். அஃது உங்கள் உரிமை. நீங்கள் கேட்டால்தான் இளையோர் அறிவர்.

இடம், பொருள், ஏவல் அறிந்து பேசுதல் வேண்டும் என்பது நாவிற்கு மட்டும் உரிய அறிவுரையன்று. எழுத்தைத் தேரும் கைக்கும் அஃது உரியது. கடிந்துரைக்க விரையும் ஆசிரியர்க்கும் உரியது.